முடக்குங்கள், சொல்லிவிட்டு முடக்குங்கள்

(லண்டன் ஈஸ்ட்ஹாமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ வரலாறோ பேசுவது வழக்கம். தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அறங்காவலர்கள் எனக்கே விட்டுவிட்டார்கள். அதனால் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதும், மேடைகளில் யாரும் பேசாததுமான ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டேன். நம் டெபிட் கார்டின் விவரங்கள் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து களவு போகின்றன. கார்டு கொடுத்த வங்கியோ இணையப் பணச் சேவையோ அதை அறிந்து கார்டை ரத்து செய்துவிடுகிறது. கார்டுக்கு உரியவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கடையிலோ பஸ்ஸிலோ நீட்டிய கார்டு மறுக்கப்பட்ட பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களவுபோன கார்டை முடக்கியே ஆக வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. முடக்கியதைச் சொல்வதும் அந்தப் பாதுகாப்பில் சரிபாதி. சொல்லாமல் முடக்கும் நிறுவனம் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. வாடிக்கையாளரை நடுத்தெருவில் நிறுத்துகிறது.

கார்டு இல்லாமல் நகராத ஊர்

1967 ஜூன் 27 அன்று, இதே லண்டனின் வடபுறத்தில் என்ஃபீல்டு என்னும் ஊரில், பார்க்லேஸ் வங்கி தன் கிளைச் சுவரில் ஒரு பண இயந்திரத்தைப் பொருத்தியது. உலகின் முதல் ஏடிஎம் என்று பரவலாகக் கருதப்படுவது அதுதான். அன்று அதற்குக் கார்டு கிடையாது. வங்கி முன்கூட்டியே கொடுத்த காகிதச் சீட்டைச் செருகினால் 10 பவுண்டு வரும். இருபது ஆண்டுகள் கழித்து, 1987இல், அதே வங்கி இந்நாட்டின் முதல் டெபிட் கார்டை வெளியிட்டது. 2006இல் கையெழுத்து போய் ரகசிய எண் வந்தது. 2007இல் தட்டினாலே போதும் என்னும் காண்டாக்ட்லெஸ் முறை வந்தது. அப்போது ஒரு தடவைக்கு 10 பவுண்டுதான் உச்சவரம்பு. 2021 அக்டோபரில் அது 100 பவுண்டானது.

இந்த வரிசையில் நம்மைப் போன்றவர்களை அதிகம் தொட்ட நாள் 2014 ஜூலை 6. அன்றோடு லண்டன் பஸ்களில் காசு வாங்குவது நின்றது. முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஆய்ஸ்டர் என்னும் பயண அட்டை வேண்டும், இல்லாவிட்டால் வங்கிக் கார்டு வேண்டும், அல்லது முன்பே வாங்கிய பயணச்சீட்டு வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் பாதாள ரயிலும் வங்கிக் கார்டை ஏற்கத் தொடங்கியது. வேலைக்குப் போகிற வழி, அரிசி பருப்பு வாங்குகிற கடை, பிள்ளையின் பள்ளிச் சாப்பாடு, செல்பேசிக்குப் போடுகிற பணம் என எல்லாம் ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்தன.

எல்லோரும் இந்த மாற்றத்தோடு ஓடிவர முடியவில்லை. 2019இல் நட்டலி சீனி தலைமையில் வெளியான ரொக்கப்பணம் குறித்த ஆய்வறிக்கை, காசே இல்லாத சமூகம் வந்தால் இந்நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்கள் சமாளிக்கத் திணறுவார்கள் என்று சொன்னது. முதியவர்களும், குறைந்த வருமானத்தில் வாரத்தை ஓட்டுபவர்களும், இணையத்தில் கை பழகாதவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். நம் வீடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கார்டு ஒரு வசதியாக இருந்த காலத்தில் அது நின்றால் அசௌகரியம். அதுவே ஒரே வழி ஆன காலத்தில் அது நின்றால் அன்றைய பிழைப்பு நிற்கிறது.

ஓர் அக்காவின் ஒரு நாள்

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, இந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறார். விடியுமுன் 115ஆம் எண் பஸ்ஸில் ஏறி ஆல்ட்கேட் போய், அங்குள்ள அலுவலகக் கட்டடம் ஒன்றைத் துப்புரவு செய்பவர். அவர் சம்பளம் வந்து விழுவது இணையப் பணச் சேவை ஒன்றின் கணக்கில். கிளை கிடையாது, செல்பேசியில் ஒரு செயலி, கையில் ஒரு கார்டு. அவ்வளவுதான்.

அன்று காலை பஸ்ஸில் கார்டைத் தட்டினார்; பச்சை விளக்கு எரிந்தது. இது பலருக்குப் புரியாத இடம், ஆகவே விளக்குகிறேன். பஸ்ஸில் உள்ள கருவி கார்டைத் தட்டிய அந்த நொடியிலேயே வங்கியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு ஏற்றுவதில்லை. தன்னிடம் உள்ள தடைப் பட்டியலில் அந்தக் கார்டு இல்லையென்றால் ஏற்றிக்கொள்கிறது. பணம் கேட்டு வங்கிக்குப் போகும்போது மறுப்பு வந்தால்தான் கார்டு பட்டியலில் சேர்கிறது. அதனால் முந்தின இரவே ரத்தான கார்டு, காலையில் அவரை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

வேலை முடிந்து கடையில் பாலும் ரொட்டியும் எடுத்தார். கார்டு மறுக்கப்பட்டது. பணம் இல்லையோ என்று செயலியைத் திறந்து பார்த்தால் சம்பளம் அப்படியே இருக்கிறது. இன்னொரு தடவை தட்டினார், மறுபடி மறுப்பு. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு, எடுத்த பொருளை வைத்துவிட்டு வெளியே வந்தார். திரும்பும் பஸ்ஸில் சிவப்பு விளக்கு. ஓட்டுநரிடம் கெஞ்ச மனம் வராமல் இறங்கி நடக்கத் தொடங்கியவரை, வழியில் உடன் வேலை செய்பவர் ஒருவர் பார்த்துத் தன் ஆய்ஸ்டரைக் கொடுத்து அனுப்பினார். வீடு வந்து செயலியின் அரட்டைப் பெட்டியில் கேட்டபோது, நீண்ட நேரம் கழித்துப் பதில் வந்தது: உங்கள் கார்டு விவரம் வெளியாகியிருக்கலாம், பாதுகாப்புக்காக ரத்து செய்துள்ளோம், புதிய கார்டு தபாலில் வருகிறது.

இந்தப் பதிலில் ஒரு பொய்யும் இல்லை. அந்த நிறுவனம் அவர் பணத்தைத் திருடவும் இல்லை. ஆனால் முந்தின இரவே இந்த மூன்று வரியை அனுப்பியிருந்தால், அவர் வீட்டிலிருந்த பத்து பவுண்டை ஆய்ஸ்டரில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார். அவரிடம் பணம் இருந்தது, வேறு வழியும் இருந்தது. தகவல் ஒன்றுதான் இல்லை.

களவு எங்கே, கத்தரி எங்கே

ஒரு கார்டு கெட்டுவிட்டது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நான்கு பேர் இதில் இருக்கிறார்கள். பொருள் விற்ற கடை, கடைக்காகப் பணம் வசூலிக்கும் நிறுவனம், விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, கார்டு கொடுத்த வங்கி அல்லது பணச் சேவை. களவு பெரும்பாலும் கடைப் பக்கம் நடக்கிறது. கார்டை ரத்து செய்யும் கத்தரி விழுவது கார்டு கொடுத்தவர் பக்கம். இடையில் வலையமைப்புகள், ஆபத்துக்குள்ளான கார்டு எண்களின் பட்டியலை வங்கிகளுக்கு அனுப்புகின்றன. எந்தக் கடையில் கசிந்தது என்ற விவரம் பல நேரம் அதில் இருக்காது. ஆகவே வாடிக்கையாளர் கேட்டாலும் வங்கியால் முழுப் பதில் சொல்ல முடியாமல் போகிறது.

இதை லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பார்ப்போம். 2018 ஏப்ரல் 6 அன்று மான்ஸோ என்னும் இணைய வங்கியிடம், தங்கள் கார்டில் மோசடி நடந்திருப்பதாகச் சுமார் 50 வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். வங்கியின் குற்றத்தடுப்புப் பிரிவினர் அந்தக் கார்டுகள் முன்பு எங்கெல்லாம் பயன்பட்டன என்று தேடினார்கள். பத்தில் ஏழு பேர் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தில் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அந்நிறுவனத்திடம் சொன்னார்கள். ஏப்ரல் 19 அன்று வந்த பதில், எங்களிடம் கசிவு நடந்ததற்கான ஆதாரம் இல்லை என்பது. மான்ஸோ அதற்காகக் காத்திருக்கவில்லை; டிக்கெட்மாஸ்டரில் பயன்பட்ட சுமார் 6,000 கார்டுகளை மாற்றிக் கொடுத்தது. டிக்கெட்மாஸ்டர் பொதுமக்களிடம் உண்மையை ஒப்புக்கொண்டது ஜூன் 27 அன்றுதான். பணம் செலுத்தும் பக்கத்தில் வைத்திருந்த, வேறொரு நிறுவனம் செய்துகொடுத்த உரையாடல் பெட்டி வழியாகக் களவு நடந்திருந்தது.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 நவம்பரில் டிக்கெட்மாஸ்டருக்கு 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. மோசடி நடக்கக்கூடும் என்று எச்சரிக்கப்பட்ட பிறகும், பணம் செலுத்தும் பக்கத்தின் போக்குவரத்தைக் கண்காணிக்கத் தொடங்க அந்நிறுவனத்துக்கு ஒன்பது வாரம் ஆனது என்று ஆணையர் கண்டறிந்தார். பார்க்லேஸ் வாடிக்கையாளர்களின் 60,000 கார்டுகள் மோசடிக்கு உள்ளானதும் அந்த விசாரணையில் வெளிவந்தது.

இந்த நிகழ்ச்சியில் ஒரு பாடம் இருக்கிறது. கசியவிட்ட கடை மௌனம் சாதித்த அந்த வாரங்களில், வாடிக்கையாளரோடு பேசக்கூடியவர் கார்டு கொடுத்தவர் ஒருவர்தான். கடைக்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது: தனிநபர் தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும், மக்களுக்குப் பெரிய ஆபத்து என்றால் தாமதமின்றி அவர்களிடமும் சொல்ல வேண்டும். ஆனால் கடை தன் கசிவை உணராதவரை அந்தக் கெடு ஓடவே தொடங்காது. அந்த இடைவெளியில் கார்டு கொடுத்தவரும் வாய் மூடிவிட்டால், களவுக்கு ஆளானவர் மட்டுமே எதுவும் தெரியாதவர் ஆகிறார்.

இந்தியாவில் நடந்தது

தாயகத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் இந்தியாவில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்குள்ளாகியிருக்கலாம் என்ற செய்தி வெடித்தது. ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் என்னும் நிறுவனம் நடத்திய ஏடிஎம் வலையமைப்பில் தீங்கு மென்பொருள் புகுந்திருந்தது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் 6 லட்சம் கார்டுகளை முடக்கிப் புதிய கார்டு கொடுக்க முன்வந்தது. 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேர் மொத்தம் 1.3 கோடி ரூபாய் இழந்ததாக முறையீடு வந்திருப்பதாகத் தேசியப் பணம் செலுத்தல் கழகம் தெரிவித்தது.

இழந்தவர்கள் 641 பேர். முடங்கியவை பல லட்சம் கார்டுகள். இந்த விகிதத்தைக் கவனியுங்கள். முன்னெச்சரிக்கை என்றால் அது இப்படித்தான் இருக்கும். பலருடைய கார்டை நிறுத்திச் சிலருடைய பணத்தைக் காக்க வேண்டியிருக்கும். ஆகவே முடக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு பைசாகூட இழக்காதவர்கள். அவர்களுக்கு நேரும் ஒரே துன்பம் முடக்கத்தால் வருவதுதான். அந்தத் துன்பத்தைக் குறைக்கிற பொறுப்பு முடக்கியவரைச் சாராமல் வேறு யாரைச் சாரும்? சொல்வதில் எவ்வளவு தாமதம் என்றும் பாருங்கள்: அந்தக் களவு நடந்தது மே, ஜூலை மாதங்களுக்கு இடைப்பட்ட வாரங்களில் என்று பின்னர் தணிக்கையில் தெரிந்தது. நாட்டுக்குத் தெரிந்தது அக்டோபரில்.

அடுத்த ஆண்டு, 2017 ஜூலை 6 அன்று, இந்திய ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் குறுஞ்செய்தி எச்சரிக்கைக்குப் பதிந்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை என்றது. தகவல் சொல்வதும் பொறுப்பேற்பதும் ஒரே ஆவணத்தில் சேர்ந்து வந்தது சரியான போக்கு.

சட்டம் என்ன சொல்கிறது

பிரிட்டனில் இதற்குச் சட்டம் இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இருக்கிறது. பணம் செலுத்தும் சேவைகள் பற்றிய 2017ஆம் ஆண்டு விதிமுறைகளில் 71ஆம் விதியைப் பாருங்கள். வங்கிக்கும் இணையப் பணச் சேவைக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தும். பாதுகாப்புக் காரணத்துக்காகவோ மோசடிச் சந்தேகத்தாலோ கார்டை நிறுத்த ஒப்பந்தத்தில் உரிமை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அடுத்து, நிறுத்துவதற்கு முன்பே, நிறுத்தப்போவதையும் அதன் காரணத்தையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. முன்பே சொல்ல முடியாமல் போனால், நிறுத்தியவுடன் சொல்ல வேண்டும். காரணம் நீங்கியதும் கார்டை மீண்டும் இயங்கவிட வேண்டும், அல்லது கூடிய விரைவில் மாற்றிக் கொடுக்க வேண்டும். இதே கடமை இதற்கு முந்தைய 2009ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் இருந்தது.

பிறகு ஏன் மௌனம் தொடர்கிறது? விதியில் இரண்டு சந்துகள் இருக்கின்றன. முதலாவது, சொல்வதால் பாதுகாப்பு ஏற்பாடு கெடும் என்றால் சொல்ல வேண்டியதில்லை என்ற விலக்கு. மோசடி செய்தவர் வாடிக்கையாளரே என்று சந்தேகம் இருக்கும்போது அந்த விலக்குக்குப் பொருள் உண்டு. கடையின் கசிவால் கெட்டுப்போன கார்டுக்கு அதைப் பொருத்த முடியாது. தன் கார்டு ரத்தானது தெரிந்தால் அதன் உரிமையாளர் யாருக்கு என்ன கேடு செய்துவிடப் போகிறார்?

இரண்டாவது, ஒப்புக்கொண்ட முறையில் தெரிவித்தால் போதும் என்பது. அந்த முறை என்ன என்பதை நிறுவனமே நீண்ட ஒப்பந்தத்தில் எழுதிவைக்கிறது. செயலிக்குள் ஒரு மூலையில் செய்தி வைத்தாலும் தெரிவித்ததாகக் கணக்கு. ஈஸ்ட்ஹாமில் இருக்கும் தாத்தாவின் கணக்கில் பதிந்திருப்பது ஹாரோவில் இருக்கும் மகனின் செல்பேசி எண்ணாக இருக்கலாம். அந்தக் குறுஞ்செய்தி மகனின் நூறு செய்திகளுக்கிடையே கிடக்கும்போது, தாத்தா கடையில் நிற்கிறார்.

இன்னொரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். களவுபோன கார்டில் அனுமதியில்லாமல் பணம் எடுக்கப்பட்டால், வாடிக்கையாளர் ஏமாற்றவோ பெருத்த கவனக்குறைவாக இருக்கவோ செய்யாதவரை, அவர் ஏற்க வேண்டிய இழப்பு அதிகபட்சம் 35 பவுண்டு. மீதி நிறுவனத்தின் தலையில். கடையின் கசிவை அவர் அறிந்திருக்கவே முடியாது என்பதால் அந்த 35கூட அவர் மீது விழாது. நல்ல சட்டம். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள்: கார்டை உடனே முடக்குவதில் நிறுவனத்துக்கு நேரடி ஆதாயம் இருக்கிறது, சொல்வதில் செலவு மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கத்தரி வேகமாக விழுகிறது, கடிதம் மெதுவாக வருகிறது.

கடைக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிவதில்லை

நிறுவனங்கள் சொல்லும் சமாதானங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒரே இரவில் பல்லாயிரம் கார்டுகளை ரத்து செய்யும்போது ஒவ்வொருவருக்கும் எப்படிச் சொல்வது என்பது ஒரு வாதம். இதற்கு விசாவும் மாஸ்டர்கார்டுமே பதில் வைத்திருக்கின்றன. கார்டு எண் மாறினால், மாதாமாதம் அதில் பணம் எடுக்கும் கடைகளுக்குப் புதிய எண்ணைத் தானாகவே அனுப்பிவைக்கும் சேவையை இரண்டும் நடத்துகின்றன. அதில் சேர்ந்துள்ள திரைப்படச் சந்தா நிறுவனத்துக்கு, தபாலில் வரும் புதிய கார்டு நம் கைக்கு எட்டுமுன்பே அதன் எண் போய்ச் சேர்ந்துவிடலாம். கடையின் வருமானம் தடைப்படாமல் இருக்க இத்தனை ஏற்பாடு செய்ய முடிகிறதென்றால், கார்டுக்காரருக்கு மூன்று வரி அனுப்ப முடியாது என்பது ஏற்கத்தக்கதல்ல.

இரண்டாவது வாதம் கனமானது. ‘உங்கள் கார்டு முடக்கப்பட்டது, இங்கே சொடுக்குங்கள்’ என்று மோசடிக்காரர்களே தினமும் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். உண்மைச் செய்தியையும் மக்கள் நம்ப மாட்டார்கள் என்கிறார்கள். உண்மைதான். அதற்கு மருந்து மௌனம் இல்லை. சரியான முறையில் சொல்வது. இணைப்பு எதுவும் இல்லாத செய்தியாக இருக்கட்டும். எண் எதையும் கேட்காத செய்தியாக இருக்கட்டும். 2021 செப்டம்பர் முதல் இந்நாட்டில் 159 என்ற எண் இருக்கிறது. அதை அழைத்தால், அதில் சேர்ந்துள்ள உங்கள் வங்கிக்கே நேராக இணைப்பார்கள். செய்தியில் ‘சந்தேகம் இருந்தால் 159ஐ அழையுங்கள்’ என்றோ, கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழையுங்கள் என்றோ எழுதினால் போதும். மோசடிக்காரரால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

மூன்றாவது, முன்பே சொன்னால் திருடன் முந்திக்கொள்வான் என்பது. திருடனுக்கும் நமக்கும் ஒரே செய்தி போவதில்லை. முடக்கிய அதே நிமிடத்தில் நமக்குச் சொன்னால் எந்தத் திருடனும் முந்த முடியாது. தமிழ்நாட்டில் மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளையும், எந்தெந்தத் தெரு என்பதையும் முந்தின நாளே நாளிதழில் போடுகிறது. மின்சாரம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் மக்கள் தண்ணீரை ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள், மாவை அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். இங்கே கேட்பதும் அவ்வளவுதான்.

யாருடைய கார்டு இது

இணையப் பணச் சேவைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கார்டின் முகப்பில் ஒரு பெயர் இருக்கும். அதை உண்மையில் வழங்கியவர் வேறொருவராக இருப்பார். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தில் 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று அம்பலமாகி, அது 25ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் வயர்கார்டின் பிரிட்டன் கிளை நிறுவனத்தைச் செயல்படவிடாமல் நிறுத்தியது. பாக்கிட், கர்வ், அன்னா போன்ற சேவைகளின் கார்டுகள் அந்நிறுவனத்தை நம்பி இயங்கியவை. அவை முடங்கின. கொரோனா காலம்; கடைகள் காசு வாங்கத் தயங்கிய நேரம்; சம்பளமும் அரசு உதவித்தொகையும் அந்தக் கணக்குகளில் விழுந்தவர்கள் பலர். வயர்கார்டு என்ற பெயரையே அவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் கேட்டிருப்பார்கள்? செவ்வாய்க்கிழமை, 30ஆம் தேதி, தடை விலக்கப்பட்டது.

வாடிக்கையாளரின் பணத்தைக் காக்கவே ஆணையம் அதைச் செய்தது. அதன் நோக்கத்தில் குறை இல்லை. ஆனாலும் அந்த வாரயிறுதி நமக்குக் காட்டியது இது: காக்கிறோம் என்று சொல்லிப் பணத்தைப் பூட்டும்போது, பூட்டுக்கு வெளியே நிற்பவர் அன்றைய சோற்றுக்கு என்ன செய்வார் என்ற கேள்வியும் திட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்

நான் கேட்பவை ஐந்து. முதலாவது, கார்டை முடக்கும் அதே நேரத்தில் குறைந்தது இரண்டு வழிகளில் சொல்ல வேண்டும். செயலியில் மட்டும் போட்டால் சொன்னதாகக் கணக்கு வைக்கக் கூடாது. இரண்டாவது, காரணத்தைச் சொல்ல வேண்டும். கடையின் பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லட்டும். மூன்றாவது, புதிய கார்டு தபாலில் வரும்வரை செல்பேசியில் உடனே இயங்கும் எண்ம கார்டு கொடுக்க வேண்டும். செல்பேசி இல்லாதவர் தன் பணத்தை ரொக்கமாக எடுக்க வழி வேண்டும். நான்காவது, முதியவர், ஊனமுற்றோர், ஆங்கிலம் குறைவாக அறிந்தவர் என்று நிறுவனத்துக்கே தெரிந்திருந்தால், ஒரு மனிதர் தொலைபேசியில் பேச வேண்டும். ஐந்தாவது, ஆண்டுக்கு எத்தனை கார்டுகளை முடக்கினார்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு நேரத்தில் சொன்னார்கள் என்ற கணக்கை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். நிதி நடத்தை ஆணையம் 2023 ஜூலை 31 முதல் நுகர்வோர் கடமை என்ற விதியைக் கொண்டுவந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே உணர்ந்து தவிர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு கூறு. 71ஆம் விதியை அந்தக் கண்ணோடு படித்தால் இந்த ஐந்தும் புதிய சலுகைகளாகத் தோன்றா.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. எல்லாப் பணத்தையும் ஒரே கார்டில் வைக்காதீர்கள். வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது கார்டு ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஆய்ஸ்டரில் சில பவுண்டுகள் எப்போதும் இருக்கட்டும். வாடகை, மின்கட்டணம் போன்றவற்றைக் கார்டில் விடாமல் டைரக்ட் டெபிட்டில் வையுங்கள். அது கணக்கோடு இணைந்தது, கார்டு மாறினாலும் நிற்காது. சந்தேகக் குறுஞ்செய்தி வந்தால் 7726க்கு அனுப்பிவிடுங்கள்.

சொல்லாமல் முடக்கப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். 71ஆம் விதியைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பணம் செலுத்தும் சேவை பற்றிய முறையீட்டுக்கு வழக்கமாக 15 வேலை நாளுக்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். அசாதாரண நிலையில் 35 வேலை நாள்வரை போகலாம். பதில் திருப்தியில்லை என்றால், அது வந்த ஆறு மாதத்துக்குள் நிதி முறைகேள் ஆணையரிடம் போகலாம். நமக்குச் செலவு கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. பணம் இழக்கவில்லையே, எதற்கு முறையீடு என்று தயங்குகிறோம். அலைக்கழிப்புக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையருக்கு உண்டு. முறையீடு எண்ணிக்கையில் ஏறினால்தான் அது ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்ணில் படும்.

இந்த ஊருக்கு வந்து, காசை எண்ணிச் சம்பளம் வாங்கிய தலைமுறை ஒன்று நமக்கு முன்னால் இருந்தது. அவர்களுடைய உழைப்பின் பலன் இன்று ஒரு கணினிக் கணக்கில் இருக்கிறது. அதைக் காப்பதாகச் சொல்லும் நிறுவனம், காக்கும்போது உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல. சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதுதான். அறங்காவலர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆங்கிலத்தில் முறையீடு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க, இந்த அரங்கின் ஒரு மேசையையும் நம் இளைஞர்களில் இருவரையும் மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள். முதல் மாலை வந்து உட்கார நான் தயார்.